விளையாட்டுக்கு இட்ட பூட்டு

சமுதாய வரலாறு எழுதப் புகுவோர் அரசரின் வாளை மட்டும் ஆராய்ந்த காலம் போய், உழவனின் ஏரையும் நெசவாளியின் தறியையும் கடற்றொழிலாளியின் வலையையும் ஆராயும் காலம் வந்துவிட்டது. வரவேற்கத்தக்க மாற்றம் இது. ஆயினும், சிறுவர் கையிலுள்ள விளையாட்டுப் பொருளை வரலாற்றுச் சான்றாகக் கொண்டு நோக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. விளையாட்டுத்தானே என்று அதனை ஒதுக்கிவிடுகிறோம். ஒரு காலத்தின் உற்பத்தி முறையும், உடைமை உறவும், உழைப்பவன் நிலையும் ஏரிலே எவ்வளவு தெளிவாகப் பதிந்துள்ளனவோ, அவ்வளவு தெளிவாக விளையாட்டுப் பொருளிலும் பதிந்துள்ளன என்பதே எமது கருத்து.

இக்கருத்தை விளக்க நாம் எடுத்துக்கொள்வது, தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து வீட்டிலிருந்தபடியே ஆடும் விளையாட்டுப் பொறி. நம் ஊர்ச் சிறுவர் அதனை ‘ரிவி கேம்’ என்பர். ஊர்காவற்றுறை, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு முதலான தீவகப் பகுதிகளில் கற்பிக்கும் ஆசிரியரிடையே இதைப் பற்றிப் பொதுவாக இரு நிலைப்பாடுகள் நிலவுகின்றன. பிள்ளைகளைக் கெடுக்க வந்த பிசாசு என்பார் ஒருசாரார். காலத்தின் கோலம், நாம் என்ன செய்யலாம் என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் பொறியின் வரலாற்றைக் கேட்பதில்லை. அதனைச் செய்தவர் யார், உடைமையாக்கிக் கொண்டவர் யார், யாருடைய உழைப்பு அதனுள் உறைந்து கிடக்கிறது, கடல் சூழ்ந்த நம் தீவுகளுக்கு அது எவ்வழியாக வந்து சேர்ந்தது என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே, கொள்வதா தள்ளுவதா என்று நாம் பேசத் தகும்.

ஆய்வுகூடத்தில் பிறந்த ஆட்டம்

1958ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புறூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில் வில்லியம் ஹிகின்பொதம் என்ற இயற்பியலறிஞர், ஆய்வுகூடத்தைக் காண வரும் பொதுமக்கள் சலிப்படையாதிருக்கும் பொருட்டு, அலைகாட்டித் திரையில் இருவர் ஆடும் டென்னிஸ் ஆட்டமொன்றை அமைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டு செய்யும் வேலையிற் பங்குகொண்டு, பின்னர் அணு ஆயுதப் பரவலை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் அவர். 1962இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஸ்ரீவ் ரசலும் அவருடைய தோழர்களும் விண்கலங்கள் இரண்டு பொருதும் ஆட்டமொன்றை அங்கிருந்த கணினிக்கு எழுதினர். அதன் நிரலை வேண்டியவர்க்கெல்லாம் வழங்கினர். பெற்றவர்கள் அதனை மேலும் திருத்தினர். இவ்விரு ஆட்டங்களையும் எவரும் தமது சொத்தென்று உரிமை கோரவில்லை. கதை சொல்லும் பாட்டி கதைக்கு விலை கேளாதது போல, ஆட்டமும் அன்று பொதுப்பொருளாகவே இருந்தது.

வீட்டுப் பொறிக்கு வித்திட்டவர் ரால்ஃப் பேயர். 1922இல் ஜேர்மனியிற் பிறந்த யூதர். நாற்சி ஆட்சியில் யூதர் என்ற ஒரே காரணத்துக்காகப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டு, 1938இல் குடும்பத்துடன் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றவர். இராணுவத்துக்குக் கருவி செய்து கொடுக்கும் சாண்டர்ஸ் என்ற நிறுவனத்திற் பணியாற்றிய அவருக்கு, 1966இல் ஓர் எண்ணம் உதித்தது. இலட்சக்கணக்கான வீடுகளில் இருக்கும் தொலைக்காட்சிப் பெட்டி, மக்கள் வெறுமனே பார்த்திருக்கும் பொருளாக மட்டும் ஏன் இருக்கவேண்டும்? அவர்கள் கைவைத்து இயக்கும் பொருளாக அதனை மாற்றலாகாதா? இவ்வெண்ணத்தின் விளைவாக 1972இல் மக்னவொக்ஸ் நிறுவனம் ‘ஒடிசி’ என்னும் பொறியை விற்பனைக்கு விட்டது. வண்ணமும் இல்லை, ஒலியும் இல்லை. திரையிலே சில வெள்ளைப் புள்ளிகள் நகரும். அவற்றின்மேல் ஆட்டத்துக்கேற்ற படம் வரைந்த மெல்லிய தாளை ஒட்டிக்கொள்ள வேண்டும். பார்ப்பவனைச் செய்பவனாக்க வேண்டும் என்ற நோக்கம் இப்பொறியின் பிறப்பிலேயே இருந்தது என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும். பின்னர் வந்த வரலாறு அந்நோக்கம் எவ்வாறு திரிக்கப்பட்டது என்பதன் வரலாறேயாகும்.

பெயரற்ற உழைப்பு

1972இல் தோன்றிய அற்றாரி நிறுவனத்தை 1976இல் வார்னர் என்ற பெருநிறுவனம் வாங்கியது. மறு ஆண்டு அற்றாரியின் வீட்டுப் பொறி சந்தைக்கு வந்தது. ஆட்டங்கள் பதித்த பேழைகளை மாற்றி மாற்றிச் செருகி, ஒரே பொறியிற் பல ஆட்டங்களை ஆடலாம். பொறியை ஒருமுறை விற்றுவிட்டால், பேழைகளை ஆண்டுக்கணக்கில் விற்றுக்கொண்டே இருக்கலாம். சவர அலகு விற்பவனின் வணிக முறை இது.

அப்பேழைகளில் அடங்கிய ஆட்டங்களை எழுதியவர்கள் யார்? அது எவருக்கும் தெரியாது. ஏனெனில், எழுதியவர் பெயரை அச்சிட நிறுவனம் மறுத்தது. விற்பனையிற் பங்கும் கொடுக்கவில்லை. ஓர் ஆட்டத்தை ஒருவரே தனித்திருந்து எழுதிய காலம் அது. டேவிட் கிரேன் முதலிய நால்வர் தலைவரிடம் சென்று முறையிட்டனர். பேழையைப் பூட்டிச் சேர்க்கும் தொழிலாளியைவிட நீங்கள் ஒன்றும் உயர்ந்தவர்கள் அல்லர் என்ற கருத்துப்பட அவர் விடையிறுத்தார் எனக் கிரேன் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். இழிவுபடுத்த எண்ணிச் சொன்ன அச்சொல்லில், சொன்னவர் அறியாத ஓர் உண்மை உண்டு. எழுதுபவனும் பூட்டுபவனும் ஒரே வர்க்கத்தினரே. ஆனால் அந்நால்வரும் அம்முடிவுக்கு வரவில்லை. வெளியேறி, 1979இல் அக்ரிவிசன் என்னும் தனி நிறுவனத்தைத் தொடங்கினர். அங்கே எழுதியவர் பெயர் பேழையின்மீது அச்சிடப்பட்டது.

அற்றாரியிலேயே இருந்த வாரன் றொபினற் வேறொரு வழி கண்டார். தாம் எழுதிய ஆட்டத்தினுள் எவர் கண்ணிலும் படாத ஓர் அறையை அமைத்து, அதற்குள் தம் பெயரைப் பொறித்து வைத்தார். 1980இல் ஆட்டம் வெளிவந்தது. ஒரு சிறுவன் அவ்வறையைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதிய பின்னரே நிறுவனம் அதனை அறிந்தது. அதற்கு முன்னரே றொபினற் வேலையை விட்டுச் சென்றுவிட்டார். கோவிற் கல்லில் மன்னன் பெயரே நிலைக்க, அதனைச் செதுக்கிய சிற்பி பெயர் தெரியாது மறைந்ததை வரலாற்றிற் படித்திருக்கிறோம். இருபதாம் நூற்றாண்டின் இச்சிற்பி தன் பெயரைக் கள்ளத்தனமாகவேனும் எழுதிவிட்டுப் போனான்.

மிகை உற்பத்தி நெருக்கடி பற்றி நூல்களில் வாசிக்கும் மாணவர்க்கு, 1983ஆம் ஆண்டில் இத்தொழிலுக்கு நேர்ந்தது நல்லதோர் எடுத்துக்காட்டு. ஒரு திரைப்படத்தின் புகழைக் காசாக்கும் அவசரத்தில், ஐந்து வாரங்களில் எழுதுவித்த ஆட்டமொன்றைப் பேரளவில் உற்பத்தி செய்து அற்றாரி கடைகளிற் குவித்தது. வாங்குவாரில்லை. அவ்வாண்டு பெப்ரவரியில் 1700 தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, உற்பத்தியை ஹொங்கொங்குக்கும் தாய்வானுக்கும் மாற்றுவதாக நிறுவனம் அறிவித்தது. செப்டெம்பரில், விற்காத பேழைகள் நியூ மெக்சிகோ மாநிலத்தின் பாலைவனக் குழியொன்றிற் கொட்டிப் புதைக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் அக்குழியைத் தோண்டியபோது பேழைகள் வெளிப்பட்டன. வேலையிழந்த தொழிலாளரின் உழைப்பும் அக்குழியிலேதான் புதையுண்டு கிடந்தது.

பூட்டுச் சில்லு

இவ்வீழ்ச்சிக்குப் பின் அரங்கிற்கு வந்தது யப்பானிய நிறுவனமான நின்ரெண்டோ. 1889இல் கியோற்றோ நகரில் கைவினைச் சீட்டுக்கட்டுச் செய்யும் கடையாகத் தொடங்கியது அது. 1983 யூலை 15ஆந் திகதி ‘ஃபமிக்கொம்’ என்னும் பொறியை யப்பானில் வெளியிட்டது. 1985இல் அதனையே உருமாற்றி அமெரிக்காவிற்குக் கொண்டு சென்றது. உலகெங்கும் 6 கோடிக்கு மேல் விற்ற இப்பொறியே இன்றைய வீட்டு விளையாட்டுத் தொழிலின் அடித்தளம்.

அற்றாரியின் வீழ்ச்சியிலிருந்து நின்ரெண்டோ கற்ற பாடம், அமெரிக்காவிற்கு அனுப்பிய பொறியினுள்ளே இருந்தது. பொறியிலும் பேழையிலும் ஒவ்வொரு நுண்சில்லு வைக்கப்பட்டது. இரு சில்லுகளும் ஒன்றையொன்று இனங்கண்டாலன்றி ஆட்டம் தொடங்காது. அச்சில்லைச் செய்யும் உரிமை நின்ரெண்டோவுக்கு மட்டுமே உண்டு. ஆகவே, வேறெந்த நிறுவனம் ஆட்டம் எழுதினாலும் நின்ரெண்டோவின் அனுமதி பெறவேண்டும். பேழைகளை நின்ரெண்டோவிடமே முற்பணம் கொடுத்துச் செய்விக்க வேண்டும். ஆண்டொன்றுக்கு ஐந்து ஆட்டங்களுக்கு மேல் வெளியிடலாகாது. அவ்வாட்டத்தை இரண்டாண்டுகளுக்குப் பிற பொறிகளுக்குக் கொடுக்கலாகாது. தரங்குறைந்த ஆட்டங்கள் சந்தையை நிரப்பாமற் காக்கவே இவ்வேற்பாடு என்று காரணம் சொல்லப்பட்டது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் விளைவு ஏகபோகமே. கடைகள் விலையைக் குறைக்காதபடி தடுத்தது என்ற குற்றச்சாட்டின்பேரில் 1991இல் அமெரிக்க அரசுடன் நின்ரெண்டோ சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது.

இன்னொரு செய்தியும் கவனத்துக்குரியது. 1984இல் யப்பானில் இதே பொறிக்கு எழுத்துப் பலகை ஒன்றையும், சிறுவரே ஆட்டம் எழுதிப் பழகத்தக்க மொழிப் பேழை ஒன்றையும் அந்நிறுவனமே விற்றது. அப்பலகை அமெரிக்காவிற் பொறியோடு வரவில்லை. அங்கே சிறுவருக்குக் கிடைத்தது பொத்தான்கள் சில கொண்ட கைப்பிடி மட்டுமே. அழுத்தலாம், ஆக்க முடியாது.

பூட்டிய வீட்டுக்குள் செல்வம் சேர்க்கும் வழியே தொடர் ஆட்டங்கள். ஒரு கதைமாந்தனின் பெயரையும் உருவையும் உரிமையாக்கி, ஆட்டத்தின்மேல் ஆட்டமாக வெளியிட்டுக்கொண்டே போவது. 1985 செப்டெம்பரில் வெளிவந்த ‘சுப்பர் மாரியோ பிறதர்ஸ்’ 4 கோடிப் படிகள் விற்றது. மாரியோ ஒரு குழாய்த் தொழிலாளி. உலகின் மிகப் பெயர்பெற்ற தொழிலாளியாகிய அவன் இற்றைவரை ஒரு நாளேனும் குழாய் திருத்தியதை ஆட்டத்திற் பெரும்பாலும் கண்டதில்லை. இளவரசியை மீட்பதே அவன் தொழில். அரண்மனையிலிருந்து இளவரசியை மீட்கும் பழங்கதையைப் புதிய பொறியிற் பூட்டி விற்றனர். ஆயினும் அவ்வாட்டத்தின் அமைப்பிலே கலைத்திறன் மிக்கிருந்தது என்பதை மறுப்பது நேர்மையாகாது. சொல் ஒன்றும் கூறாமல், தடையொன்றை முதலில் ஆபத்தின்றிக் காட்டி, பின்னர் ஆபத்துடன் காட்டி, ஆடுபவனுக்குப் படிப்படியாகக் கற்பிக்கும் அதன் முறையிலிருந்து ஆசிரியராகிய நாமும் கற்க இடமுண்டு.

ரெற்றிஸ் ஆட்டத்தின் கதை இதனிலும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1984இல் மொஸ்கோவிலிருந்த சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் அலெக்சி பஜித்னோவ் என்பவர் அதனை ஆக்கினார். அது விலையின்றிக் கைக்குக் கைமாறி நகரெங்கும் பரவியது. பின்னர் மேனாட்டு நிறுவனங்கள் உரிமைக்காக வழக்காடின. சோவியத் அரசின் வணிக நிலையம் உரிமத்தை விற்றது. 1989இல் நின்ரெண்டோ தன் கைப்பொறியாகிய ‘கேம் போய்’ உடன் அதனைச் சேர்த்து விற்றுப் பெரும்பொருள் ஈட்டியது. ஆக்கியவருக்கோ 1996வரை பங்குப்பணம் கிட்டவில்லை. ஏகபோக முதலாளியும் அதிகார வர்க்க நிலையமும் கலைஞனை நடத்தும் முறையில் இங்கு வேறுபாடு காண முடியவில்லை. இதனைச் சொல்ல முற்போக்காளராகிய நாம் தயங்கலாகாது.

கடல் கடந்து வந்த வழி

இவ்வரலாறு நடந்துகொண்டிருந்த காலத்தில் நம் தீவுகள் எந்நிலையில் இருந்தன? அமெரிக்க வீடுகளுக்கு அற்றாரிப் பொறி வந்த 1977இல் இலங்கையிலே தொலைக்காட்சி ஒளிபரப்பே இல்லை. அது 1979 ஏப்ரலில்தான் தொடங்கியது. அரசின் ரூபவாகினி 1982 பெப்ரவரியில் வந்தது. ஃபமிக்கொம் யப்பானிய அங்காடிகளுக்கு வந்து ஒரு வாரம் கழிந்தபோது, 1983 யூலைக் கலவரம் மூண்டது. அதன்பின் தீவகத்தின் இளைஞர் பலர் ஐரோப்பாவிற்கும் கனடாவிற்கும் புலம்பெயரத் தொடங்கினர்.

1990 யூனிலே போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு ஓகஸ்டில் படையினர் தீவகத்தில் இறங்கினர். அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் மக்களிற் பெருந்தொகையினர் வீடு வாசல் விட்டுக் குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்தனர். குடாநாட்டிலோ மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை நிலவியது. தடைசெய்யப்பட்ட பொருட்களுள் பற்றரியும் ஒன்று. ‘கேம் போய்’ நான்கு சிறு பற்றரிகளில் இயங்குவது. உலகின் மற்றப் பகுதிகளிற் பிள்ளைகள் விளையாட்டுக்காக மாற்றி மாற்றிப் போட்ட அப்பற்றரி, இங்கே வானொலிச் செய்தி கேட்பதற்கும் கிட்டாப் பொருளாயிற்று. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து மின்னைப் பெற்று வானொலி கேட்டனர் நம்மவர். மாணவர் போத்தல் விளக்கின் சிற்றொளியிற் பரீட்சைக்குப் படித்தனர். டைனமோ சுற்றிய கையை நாம் பெருமையோடு நினைவுகூர்வது பழைய துன்பத்தைப் போற்றுவதற்காகவன்று. கருவியைத் திறந்து, அதன் இயல்பை அறிந்து, தேவைக்கேற்ப மாற்றியமைக்கும் ஆற்றல் நம் மக்களிடம் இருந்தது என்பதற்கு அது சான்று.

இதே காலத்தில் உலகின் ஏழை நாடுகளெங்கும் ஃபமிக்கொம் பொறியின் போலிகள் பரவின. யப்பானிற் செய்த மூலப்பொறியிலே பூட்டுச் சில்லு இல்லாமையால், அதனைப் பார்த்துச் செய்தல் எளிதாயிற்று. தாய்வானில் ‘மைக்ரோ ஜீனியஸ்’ என்றும், 1992 முதல் உருசியாவில் ‘டென்டி’ என்றும், சீனாவில் ‘சுபோர்’ என்றும் அவை பெயர்பெற்றன. சட்டம் அவற்றைத் திருட்டு என்றது. மூலப்பொறியை வாங்க இயலாத கோடிக்கணக்கான வீடுகளுக்கு விளையாட்டு வந்தது இத்திருட்டுப் பாதையிலேதான் என்பதும் வரலாறு. சுபோர் பொறி எழுத்துப் பலகையுடன் வந்தது. விளையாட்டின் பெயரால் வாங்கிய பொறியிற் சீனச் சிறுவர் பலர் நிரல் எழுதக் கற்றனர். அமெரிக்கச் சிறுவனுக்கு வழங்காத பலகையைப் போலி வழங்கியது!

நம்மவர்க்கு இப்பொறி பரவலாக எட்டியது போர் ஓய்ந்த இடைவெளிகளிலேதான். 2002இல் ஏ9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. அவ்விடைவெளியில் கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து போலிப் பொறிகளும், ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் கோவில் திருவிழாவுக்கு வந்த உறவினரின் பெட்டிகளில், அங்குள்ள பிள்ளைகள் ஆடித் தீர்த்த பழைய பொறிகளும் வந்தன. ஒரே ஊர்க் குடும்பத்தில், அங்கே புதியது வாங்கும்போது இங்கே பழையது வரும். உலகச் சந்தையின் படிநிலை ஒரு பிரயாணப் பெட்டிக்குள்ளே அடங்கியிருந்தது.

வந்த பொறிக்கு மின்சாரம் வேண்டுமே. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன நாட்டின் பொது மின்வலையோடு இணைக்கப்படாமல் டீசல் இயந்திரங்களின் மின்னையே நம்பி வந்தவை. அங்கே சூரிய ஒளியிலும் காற்றிலும் மின் ஆக்கும் திட்டம் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டு, இந்தியாவின் ஆட்சேபத்தால் நின்றது. பின்னர் இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச் 1ஆந் திகதி பெங்களூர் நிறுவனமொன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. சின்னஞ்சிறு தீவின் பிள்ளை வீட்டிலே ஒரு பொறியை இயக்குவதா இல்லையா என்பதிற்கூட வல்லரசுகளின் போட்டி வந்து குறுக்கிடுகிறது என்பதை நம் மாணவர் அறியவேண்டாமா?

பொறிக்குப் பின்னால் உள்ள கைகள்

பொறியின் உள்ளே மின்தேக்கிகள் உண்டு. அவற்றுக்கு வேண்டிய தாந்தலம் என்னும் உலோகத்தின் தாதுவிற் பெரும்பங்கு மத்திய ஆபிரிக்காவிலிருந்து வருகிறது. கைத்தொலைபேசிகளும் சொனி நிறுவனத்தின் புதிய பிளேஸ்ரேசன் பொறியும் சந்தையைக் கலக்கிய 2000ஆம் ஆண்டில் அதன் விலை பன்மடங்கு ஏறியது. அவ்வேளையில் கொங்கோவிற் போர் நடந்துகொண்டிருந்தது; ஆயுதக் குழுக்களும் அயல் நாட்டுப் படைகளும் அத்தாதுவைத் தோண்டி விற்றுப் போருக்குப் பணம் தேடின என்பதை 2001இல் ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு வெளிப்படுத்தியது.

பொறிகளைப் பூட்டிச் சேர்ப்பது பெரும்பாலும் சீனத் தொழிலாளரே. 2012 சனவரியில் வூஹான் நகரின் பொக்ஸ்கொன் ஆலையில், மைக்ரோசொஃப்ற் நிறுவனத்தின் எக்ஸ்பொக்ஸ் பொறியைச் செய்யும் தொழிலாளர் ஏறத்தாழ 150 பேர் ஆலையின் கூரைமேலேறி, குறை தீராவிடிற் குதித்துச் சாவோம் என்றனர். அவ்வாண்டு ஒக்ரோபரில், யந்தாய் நகரிலுள்ள தன் ஆலையில் 14 முதல் 16 வயதுவரையான மாணவர் வேலை செய்ததைப் பொக்ஸ்கொன் ஒப்புக்கொண்டது. விளையாடும் வயதுப் பிள்ளைகள் பிற பிள்ளைகளின் விளையாட்டுச் சாலையில் உழைத்தனர். இவற்றையெல்லாம் விட விந்தை, 2000 முதல் 2014வரை சீனாவில் இப்பொறிகளை விற்பதே தடைசெய்யப்பட்டிருந்தமை. தான் செய்த பொருளைத் தானே வாங்க இயலாத நிலையைத் தொழிலாளி வர்க்கம் நெடுங்காலமாக அறியும். அங்கே அது சட்டமாகவே இருந்தது.

எழுதுவோர் நிலை மாறியதா? நால்வர் பெயருக்காகவும் பங்குக்காகவும் தொடங்கிய அக்ரிவிசன், ‘கோல் ஒஃப் டியூட்டி’ என்னும் போர் ஆட்டத் தொடருக்கு உடைமையாளராக வளர்ந்தது. 2021இல் பெண் ஊழியர்க்குக் கொடுமைகள் இழைத்தது என்ற குற்றச்சாட்டின்பேரில் கலிபோர்ணியா மாநிலம் அதன்மீது வழக்குத் தொடுத்தது. ஊழியர் வேலையை விட்டு வெளிநடப்புச் செய்தனர். 2022 மே மாதத்தில், அதன் கிளையொன்றில் ஆட்டங்களைச் சோதிக்கும் சிறு தொகையினரான தொழிலாளர் வாக்களித்துச் சங்கம் அமைத்தனர். 2023 ஒக்ரோபரில் மைக்ரோசொஃப்ற் ஏறத்தாழ 6900 கோடி டொலருக்கு அந்நிறுவனத்தை விழுங்கியது. மூன்று மாதத்தில் தன் விளையாட்டுப் பிரிவில் 1900 பேரை வேலைநீக்கியது. தனித்து வெளியேறிய நால்வரின் வழி மீண்டும் ஒரு முதலாளியை உருவாக்கியது. சங்கம் கண்ட சோதனைத் தொழிலாளரின் வழியே வேறு எதிர்காலத்தைச் சுட்டுகிறது.

நம் மணலும் நம் கோடும்

இவ்விடத்திலே சிலர், இந்தப் பொறியே வேண்டாம், நம் பழைய விளையாட்டுகளுக்குத் திரும்புவோம் என்பர். கிளித்தட்டுக்கு மணலிற் கீறிய கோடு போதும். கொக்கானுக்குக் கூழாங்கல் போதும். சங்கச் செய்யுளில் வரும் கழங்கின் வழித்தோன்றலாகவே கொக்கானைக் கொள்ளலாம். இவற்றுக்கு உரிமம் பெறவேண்டியதில்லை. விதியை ஆடுவோரே கூடிப் பேசி மாற்றிக்கொள்ளலாம். இது பெருஞ் சிறப்பே.

ஆனால் பழமையிலே பூட்டு இல்லையென்று எண்ணுவது பேதைமை. ஓரூரில் ஒரே மணலிற் கோடு கீறி எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கூடி ஆடினார்களா? பெண் பிள்ளை பருவமெய்திய மறுநாள் அவளுக்கு விளையாட்டு முற்றத்தில் இடமிருந்ததா? 1971இல் புங்குடுதீவிலே தாழ்த்தப்பட்ட மக்கள் கோவிற் கிணற்றில் நன்னீர் அள்ளும் உரிமைக்காக எழுத்தாளர் மு. தளையசிங்கம் போராடிப் பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளானார். குடிநீர்க் கிணற்றுக்கே பூட்டுப் போட்ட சமூகம், விளையாட்டு முற்றத்தை மட்டும் திறந்து வைத்திருக்குமா? ஆகவே, அந்நிய முதலாளியின் பூட்டைக் கண்டிக்கும் நாம் நம் ஊர்ப் பூட்டையும் கண்டிக்கக் கடமைப்பட்டுள்ளோம். திரும்பிச் செல்லப் பொற்காலம் எதுவும் பின்னால் இல்லை.

பொறியை ஆடும் பிள்ளையின் மனத்தைப் பற்றியும் ஒரு சொல். 1985 மே 15ஆந் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கிச் சென்ற குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, குழந்தைகளும் பெண்களும் உட்படப் பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். உயிர்தப்பியோர் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினர். அக்கடலைக் கடந்து பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சென்றுவரும் மக்களின் பிள்ளைகள் இன்று ஆடும் போர் ஆட்டங்கள், போரைத் துப்பாக்கிக்குப் பின்னே நிற்பவனின் கண்ணால் மட்டுமே காட்டுகின்றன. படகில் இருந்தவரின் கண்ணால் அவை காட்டுவதில்லை. இது பொறியின் இயல்பன்று. அதை ஆக்குவோரின் தேர்வு. 2014இல் போலந்திலே ஆக்கிய ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ என்னும் ஆட்டத்தில், முற்றுகைக்குள்ளான நகரின் சாதாரண மக்களாகவே நாம் ஆடவேண்டும்; உணவும் மருந்தும் தேடி, ஒருவரையொருவர் காத்து, உயிர்பிழைக்க வேண்டும். சரயேவோ முற்றுகையின் அனுபவங்கள் அதற்கு ஊற்று. 2020இல் போலந்து அரசு அதனைப் பள்ளி மாணவர்க்கான பரிந்துரைப் பட்டியலிற் சேர்த்தது. குண்டு போடுபவனின் கதையைச் சொல்லும் அதே பொறி, குண்டுக்கு ஒதுங்கும் குடும்பத்தின் கதையையும் சொல்லவல்லது.

எழுத்துப் பலகையைக் கேட்போம்

இன்று பொறியின் இடத்தைக் கைத்தொலைபேசி பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. ஆயினும் பூட்டு அகலவில்லை. தொலைபேசிக் கடைகளில் விற்கும் ஆட்டத்தின் வருவாயில் நூற்றுக்கு 30 பங்குவரை கடைக்காரன் எடுத்துக்கொண்டு வந்த முறை, வீட்டுப் பொறிகளின் உரிம முறையை ஒத்ததே. பொறி மாறினும் உறவு மாறவில்லை.

எனவே, ஆசிரியரும் மாணவருமாகிய நாம் செய்யத்தக்கது யாது? தடை செய்தல் பயன் தராது. சீனாவின் பதினான்காண்டுத் தடை எதனையும் ஒழிக்கவில்லை. பார்த்துக்கொண்டு வாளா இருத்தலும் கடமையாகாது. இப்பொறியின் வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும். மாரியோவை அறிந்த மாணவன், றொபினற்றின் மறைந்த அறையையும் யந்தாய் ஆலையின் பிள்ளைகளையும் அறியட்டும். அடுத்து, பொத்தானை அழுத்தும் கைக்கு எழுத்துப் பலகையைக் கொடுக்க வேண்டும். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் நம் பள்ளிகளிற் பாடமாக உள்ளது; பெரும்பாலும் பரீட்சைக்கு மனனம் செய்யும் பாடமாகவே அது முடிந்துவிடுகிறது. ஆட்டம் ஆக்குவதற்கான கருவிகள் இன்று விலையின்றிக் கிடைக்கின்றன. ஆர்ஜென்ரீனாக்காரர் இருவர் தொடங்கிய ‘கொடோ’ என்னும் கருவி 2014 முதல் எவரும் திறந்து பார்த்துத் திருத்தத்தக்கதாக உலகுக்குப் பொதுவாக உள்ளது. ஏழை நாட்டவர் பூட்டில்லாக் கருவியை உலகுக்கு அளிக்க முடியுமானால், அதனைக் கையாள நமக்கு என்ன தடை?

கிளித்தட்டின் விதியைத் தமிழிலேயே ஒரு மாணவி நிரலாக்கட்டும். அதில் யாருக்கு ஆட இடமுண்டு என்ற கேள்வியையும் அவள் கேட்கட்டும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குக் காற்றையும் நீரோட்டத்தையும் கணித்துப் படகு செலுத்தும் ஆட்டத்தைக் கடற்றொழிலாளியின் மகன் ஆக்கட்டும். அவன் தந்தை அறிந்த அறிவு அதனுள் வரட்டும். இவை பெருஞ்சந்தையை வெல்லும் என்று நாம் மயங்கவில்லை. பூட்டிய பொருளைத் திறந்து பார்த்த பிள்ளை, அதன்பின் எந்தப் பூட்டையும் இயற்கையின் நியதி என்று ஏற்கமாட்டாள். டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது இயலாத செயலன்று. அதற்கான கருவியையும் மின்சாரத்தையும் நேரத்தையும் தீவகப் பள்ளிகளுக்குப் பெற்றுக்கொடுக்கப் போராடுவது நமது பொறுப்பு.